சமணர் மலையா, ஆனைமலையா? மதுரையில் குடும்பத்தோடு நடக்க எதைத் தேர்ந்தோம்

மதுரைக்காரர்களுக்கு நடக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் ஒரு பாறை மலை எதிரே வந்து நிற்கும். வடகிழக்கே ஒத்தக்கடையில் ஆனைமலை. வடக்கே அழகர் மலை. தென்மேற்கே திருப்பரங்குன்றம். மேற்கே தேனி ரோட்டில் நாகமலை, அதன் அருகே கீழக்குயில்குடியில் சமணர் மலை. மேலூர்ப் பக்கம் போனால் அரிட்டாபட்டிக் குன்றுகள். மலையே வேண்டாம் என்றால் ஊருக்குள்ளேயே வண்டியூர்த் தெப்பக்குளம்.

இவற்றில் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை காலைக்கு நிரந்தரமாக வைத்துக்கொள்வது என்று வீட்டில் பேசி, எல்லாவற்றுக்கும் போய்ப் பார்த்து, கடைசியில் சமணர் மலைக்கு வந்து நின்றோம். நண்பர்கள் பலர் ஆனைமலைதான் சரி என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நாங்கள் ஏன் இப்படி முடிவெடுத்தோம் என்பதை விவரமாக எழுதினால், இதே யோசனையில் இருக்கும் வேறு சில வீடுகளுக்கு உதவும்.

நடக்கப்போவது யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணக்கு முழுக்க அதை வைத்துத்தான். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி உண்டு, ஆனால் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கச் சம்மதிக்க மாட்டார். மனைவிக்கு நடை பிடிக்கும், செங்குத்தான இறக்கம் என்றால் பயம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். பாறையைக் கண்டால் ஓடத்தான் தெரியும். சில வாரம் தம்பியும் மதினியும் கைக்குழந்தையோடு வருவார்கள். ஆக, ஒரே வேகத்தில் நடக்காத ஒரு கூட்டம். கயிறு கட்டி ஏறுகிறவர்களும் மாரத்தானுக்குப் பழகுகிறவர்களும் இதில் தங்களுக்கு ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

தெப்பக்குளத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, ஊருக்கே தெரியும். திருமலை நாயக்கர் வெட்டியது. ஒரு பக்கம் ஏறத்தாழ 1,000 அடி. வெளிப்பக்கமாக ஒரு சுற்று வந்தால் 1.2 கிலோமீட்டர் தேறும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பெரும்பாலும் காய்ந்து கிடந்து கிரிக்கெட் மைதானமாக இருந்தது. இப்போது வைகையிலிருந்து தண்ணீர் விட்டு நிறைத்து வைத்திருப்பதால் அதிகாலையில் சுற்றி வருவது சுகம். தரை சமம், உட்காரச் சுவர், வெளிச்சம், ஆள் நடமாட்டம் எல்லாம் உண்டு. தினசரி நடைக்கு மதுரைக்குள் இதைவிட நல்ல இடம் சொல்ல வராது. ஆனால் பிள்ளைகள் இரண்டு சுற்றில் சலித்துப்போகிறார்கள். வாரம் ஒருநாள் வீட்டோடு கிளம்பிப் போவதற்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருக்கிறது.

திருப்பரங்குன்றத்தில் நான் கணக்கில் எடுத்துக்கொண்டது மலையைச் சுற்றி வரும் கிரிவலப் பாதையை மட்டும்தான். சுமார் 3 கிலோமீட்டர், ஏற்ற இறக்கம் பெரிதாக இல்லை. கோயில் வாசல் பக்கத்தின் நெரிசலைத் தாண்டித் தெற்கே திரும்பிவிட்டால் வேறு ஊருக்கு வந்ததுபோல அமைதி. அங்கே பாறையில் குடைந்த உமையாண்டார் கோயில் இருக்கிறது. முதலில் சமணக் குடைவரையாக இருந்து பிறகு சிவன் கோயிலானது. மயில்கள் தரையிலேயே நடமாடும். அம்மாவுக்கு இந்தச் சுற்று பிடித்திருந்தது. ஆனால் சுற்று என்பதில் ஒரு சங்கடம். பாதியில் கால் வலித்தால் முன்னால் போனாலும் அதே தூரம், பின்னால் வந்தாலும் அதே தூரம். தென்புறத்தில் ஆட்டோ கிடைப்பதும் நம் நேரத்தைப் பொறுத்தது.

அழகர் மலைக்குக் கூட்டம் சேர்வதில் ஆச்சரியமில்லை. மதுரையிலிருந்து 21 கிலோமீட்டர். பதினெட்டாம்படிக் கருப்பர் சந்நிதியில் கும்பிட்டுவிட்டு, பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கை வரை ஏறும் மலைச் சாலையில் நடக்கலாம். நான் பார்த்த இடங்களிலேயே நிழல் அதிகமுள்ள வழி இதுதான். மற்ற எல்லா மலையும் மொட்டைப் பாறை. இது மட்டும் காடு. சித்திரை, வைகாசியில் கத்திரி வெயில் கொளுத்தும் நாட்களிலும் காலை ஒன்பது மணிக்கு இங்கே மரத்தடியில் நடந்துகொண்டிருக்கலாம். வேறெங்கும் அது நடக்காது. இறங்கி வந்ததும் பிரசாத ஸ்டாலில் அழகர் கோயில் தோசை. தோல் நீக்காத உளுந்தும் மிளகும் போட்டு, கனமாக, ஓரம் மொறுமொறுவென்று நெய்யில் வெந்த தோசை. ஒன்றை வாங்கி நான்காகப் பிட்டால் நான்கு பேருக்கும் பசியாறும்.

அப்படியிருந்தும் அதை ஏன் விட்டோம்? இரண்டு காரணம். ஒன்று, நடப்பது வண்டிகள் போகிற சாலையில். விடுமுறை நாளில் காரும் பைக்கும் வளைவுக்கு வளைவு வந்துகொண்டே இருக்கும். சின்னப் பிள்ளைகளின் கையை விடவே முடியாது. இரண்டாவது, குரங்கு. கையில் பை இருந்தால் பறித்துவிடும், பை இல்லாவிட்டால் மூக்குக்கண்ணாடியைப் பார்க்கும். எங்கள் சின்னவளுக்கு அதோடு நடையில் இருந்த சந்தோஷமே போய்விட்டது. பிள்ளைகள் வளர்ந்த வீடு என்றால், குறிப்பாக வெயில் காலத்துக்கு, அழகர் மலையை நான் தயங்காமல் சொல்வேன்.

இனி ஆனைமலை. உண்மையான போட்டி இதற்கும் சமணர் மலைக்கும்தான்.

ஆனைமலைக்கு இணையாக இன்னொரு மலையை மதுரையில் காட்ட முடியாது. மேலூர் ரோட்டில் வரும்போது அந்த யானை துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் வடிவம் எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரை. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி கி.பி. 770 வாக்கில் குடைவித்தது. அவர் இறந்துபோகவே, தம்பி மாறன் எயினன் முன்மண்டபத்தை முடித்து வைத்தார் என்று கல்வெட்டே சொல்கிறது. பக்கத்திலேயே லாடன் கோயில் என்று முருகனுக்கும் தெய்வானைக்கும் ஒரு சின்னக் குடைவரை. அதற்கும் மேலே பாறைச் சரிவில் தீர்த்தங்கரர்கள் எனப்படும் சமணப் பெருமான்களின் சிற்பங்கள். சிலவற்றில் பழைய வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உச்சிப் பக்கம் சமணத் துறவிகள் படுக்கப் பாறையில் செதுக்கிய கற்படுக்கையும், தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழியில் ஒரு கல்வெட்டும் உண்டு. வைணவம், முருகன், சமணம் எல்லாம் ஒரே பாறையில் இப்படிக் கூடி நிற்பதை ஒரு காலை நேரத்துக்குள் பார்த்துவிடலாம். வசதியும் அதிகம். ஒத்தக்கடைக்கு மாட்டுத்தாவணியிலிருந்து பஸ் நின்று பார்க்க வேண்டியதில்லை, அடுத்தடுத்து வரும். டீக்கடை, ஹோட்டல், மருந்துக்கடை எல்லாம் கூப்பிடு தூரம்.

சமணச் சிற்பங்கள் வரை ஏறுவது எங்களைப் போன்றவர்களுக்கும் கஷ்டமில்லை. அங்கிருந்து மேலேதான் கதை மாறுகிறது. சரிவு நிமிர்கிறது, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, கால் வைக்கும் இடத்தைத் தேடித் தேடிப் போக வேண்டும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போது உட்கார்ந்து தவழ்ந்து வருகிற பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். உச்சியில் காற்றும் காட்சியும் அபாரம் என்பதில் சந்தேகமில்லை. வைகை வடகரை முழுக்க, மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்கள் முழுக்க விரிந்து கிடக்கும். ஆனால் அந்த உச்சிக்கு எங்கள் வீட்டில் போகக்கூடியவர்கள் இரண்டே பேர். மற்றவர்களுக்கு அந்த நேரம் முழுக்கக் காத்திருப்புதான்.

இங்கேதான் எங்கள் முடிவைத் தீர்மானித்த விஷயம் வருகிறது. தூரம், உயரம், நிழல், பஸ் வசதி எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகும் கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சியது. பாதியில் நிற்கிறவர்களுக்கு அந்த மலை என்ன தருகிறது?

குடும்பத்தோடு நடப்பது ஏன் மூன்றாம் வாரத்தில் நின்றுபோகிறது என்று கவனித்தால் இது புரியும். மலை பிடிக்காமல் யாரும் நிறுத்துவதில்லை. மெதுவாக நடப்பவர், தன்னால் மற்றவர்கள் தாமதிக்கிறார்கள் என்று நினைக்கத் தொடங்குகிறார். அடுத்த வாரம், “நீங்க போயிட்டு வாங்கப்பா, எனக்கு வேலை கெடக்கு” என்கிறார். அதற்கு அடுத்த வாரம் அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வீட்டில் தங்குகிறார். பிறகு பிள்ளைகளை எழுப்ப யாருக்கும் மனம் வருவதில்லை. உச்சியில் மட்டும் எல்லாவற்றையும் வைத்திருக்கிற மலை, வேகமாக நடப்பவர்களின் மலை. ஒவ்வொரு மட்டத்திலும், ‘இதுவரை வந்தது போதும், நன்றாக இருந்தது’ என்று சொல்ல வைக்கிற ஒன்று இருந்தால்தான் அது வீட்டுக்கே பொதுவான மலையாகும். இந்த ஒன்றில் சமணர் மலையை எதுவும் நெருங்கவில்லை.

அதை மட்டம் மட்டமாகச் சொல்கிறேன். அடிவாரத்தில் தாமரைக் குளம், கரையில் விழுது விட்டுப் படர்ந்த ஆலமரங்கள், அதை ஒட்டிக் கருப்பசாமி, அய்யனார் கோயில், மீசை முறுக்கிய பெரிய சுதைச் சிலைகள். குளத்தங்கரையில் நடந்துவிட்டு ஆலமரத்தடியில் உட்கார்ந்தாலே வந்த பயனில் பாதி கிடைத்துவிடும். கைக்குழந்தையோடு வரும் மதினி பெரும்பாலும் இங்கேயே இருந்துவிடுவார். குழந்தையை விழுதைப் பிடித்து நிற்க வைத்துவிட்டால் அதற்கு நேரம் போவதே தெரியாது.

அடுத்தது செட்டிப்புடவு. இதற்கு மலை ஏற வேண்டியதில்லை. அடிவாரத்தை ஒட்டியே சுற்றிக்கொண்டு போனால் மலையின் இன்னொரு முகத்தில், சில படிகளுக்கு மேல் ஒரு குகை. வாயிலின் ஓரத்தில் பெரிய தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார், மகாவீரர் என்கிறார்கள். நீண்ட காதுகளைப் பார்த்து ஊரார் செட்டியார் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். குகைக்குள் குனிந்து நுழைந்து மேலே அண்ணாந்து பார்த்தால் வளைந்த பாறையில் வரிசையாக ஐந்து சிற்பங்கள். நடுவில் மூன்று தீர்த்தங்கரர்கள். ஒரு ஓரத்தில் சிங்கத்தின் மேல் ஏறி வில்லை வளைத்து, யானை மேல் வருகிறவனோடு போரிடும் இயக்கி, அதாவது சமணக் காவல் தெய்வம். அவ்வளவு சின்ன இடத்தில் அவ்வளவு வேகத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். எங்கள் பெரியவன் அந்தச் சிங்கத்தைப் பார்க்கத்தான் வாராவாரம் வருகிறான். அம்மாவால் இங்கே வர முடிகிறது. நடுவில் ஓரிரு முறை நின்று, படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி, குகைக்குள் உட்கார்ந்துவிடுவார். உள்ளே பாறை எப்போதும் குளுமை.

மூன்றாவது பேச்சிப்பள்ளம். கோயில் பக்கத்திலிருந்து பாறையில் வெட்டிய படிகள் மேலே போகின்றன, பிடித்துக்கொள்ளக் கம்பியும் உண்டு. மனைவிக்கு இறக்கத்தில் இருந்த பயம் இந்தக் கம்பியால்தான் போனது. மூச்சு வாங்கத் தொடங்கும் இடத்தில் சரியாக ஒரு சுனை வருகிறது; அதை ஒட்டிய பாறைச் சுவரில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். மகாவீரர், தலைக்கு மேல் பாம்புப் படம் விரித்த பார்சுவநாதர், கொடி சுற்றிய பாகுபலி. அவற்றின் கீழே 9, 10-ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துகள், தமிழை அந்தக் காலத்தில் எழுதிய வளைந்த எழுத்து. எந்தச் சிற்பத்தை யார் செய்வித்தார் என்று ஒவ்வொரு வரியும் சொல்கிறது.

அதில் ஒரு வரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். “அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி.” அச்சணந்தி மதுரைப் பகுதியின் பல மலைகளில் சிற்பம் செய்வித்த சமண ஆசிரியர், ஆனைமலையிலும் அவர் பெயர் உண்டு. இங்கே அவருடைய அம்மாவின் பெயர். வெயில் சாய்வாக விழும் காலை வேளையில் எழுத்தின் பள்ளங்களில் நிழல் தங்கி, வரி தெளிவாக எழுந்து நிற்கும். மகள் விரலைப் பாறையில் படாமல் காற்றில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக வரைந்து பார்ப்பாள். அவள் கீழே இறங்கி வந்து பாட்டியிடம் இதைச் சொன்னபோது அம்மா கேட்ட கேள்வி:

“மகன் அம்மா பேருல செஞ்சு வச்சதா? இல்ல, அந்தம்மாவே செஞ்சதா?”

“அந்தம்மாவே செஞ்சது பாட்டி.”

“அப்பச் சரி” என்றார் அம்மா. மேலே போக முடியாத அவருக்கும் பேச்சிப்பள்ளம் இப்படித்தான் சொந்தமானது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் குணமதியாரைப் பற்றி இப்போது அவர்தான் சொல்கிறார்.

நான்காவது, உச்சி. பேச்சிப்பள்ளத்துக்கு மேலே மாதேவிப் பெரும்பள்ளி என்ற பழைய சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பாண்டியன் பராந்தக வீரநாராயணன் காலத்தில், அரசி வானவன் மாதேவியின் பெயரில் எழுந்தது. அதையும் தாண்டிப் போனால் விளக்குத் தூணும், அருகே பாறையில் ஒரு கன்னடக் கல்வெட்டும். கர்நாடகத்துச் சமணர்கள் இங்கே வந்து போனதற்கு அது சாட்சி. பிள்ளைகளும் நானும் தம்பியும் இதுவரை போவோம். ஆனைமலை உச்சியோடு ஒப்பிட்டால் காட்சி சற்றுக் குறைவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குளம் ஒரு பச்சைத் தட்டாகக் கீழே தெரியும், அதன் கரையில் வண்ணப் புள்ளிகளாக நம் ஆட்கள் தெரிவார்கள்.

நம் ஆட்கள் தெரிகிறார்கள் என்பது சாதாரண விஷயமில்லை. ஆனைமலையில் மேலே போனவர்கள் பாறை வளைவில் மறைந்துவிட்டால் கீழே இருப்பவர்களுக்கு மனசு அடித்துக்கொண்டே இருக்கும். போன் எடுக்கவில்லை என்றால் இன்னும் மோசம். இங்கே படியில் ஏறுகிறவர்களை ஆலமரத்தடியிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கலாம். அம்மா உட்காரும் இடத்தில் ஆடு மேய்க்கும் ஒரு பாட்டியும் வந்து உட்காருவார். இருவரும் பேசிக்கொண்டே மேலே ஒரு கண் வைத்திருப்பார்கள். “ஏத்தா, ஒம் பேரன் ஓடுறான் பாரு, ஓடாதேன்னு சத்தம் போடு” என்று அவர் சொல்வதும், அம்மா இங்கிருந்தே கூப்பிடுவதும், அவன் மேலே நின்று கையாட்டுவதும் வழக்கமாகிவிட்டது. எல்லோரும் வேறுவேறு உயரத்தில் இருந்தாலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறோம். இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் அவரவர் மட்டத்தை முடித்து எல்லோரும் ஆலமரத்தடிக்கு வந்துவிடுவோம். கொண்டுபோன இட்லியை அங்கேயே பிரித்துவிடலாம்.

அரிட்டாபட்டியை ஏன் இவ்வளவு தாமதமாகச் சொல்கிறேன் என்றால், அங்கே எனக்குப் பழக்கம் குறைவு. குளிர்ந்த மாதங்களில் மட்டும்தான் போயிருக்கிறேன், அதுவும் ஊர்க்காரரான நண்பரோடு. ஆகவே இதை ஒரு பாதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு குன்றுகள், ஏராளமான சுனைகள், கண்மாய்கள். 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 193 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். தமிழிக் கல்வெட்டு, பாண்டியர் குடைவரைச் சிவன் கோயில், அதன் வாயிலருகே இலகுலீசர் என்ற பாசுபத சைவ குருவின் சிற்பம், தமிழகத்தில் அரிதானது. வல்லூறு, இராசாளி வகைப் பறவைகள் பாறை இடுக்கில் கூடு வைக்கின்றன. 2024-இல் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் இந்தப் பகுதி அகப்பட்டபோது மேலூர் வட்டார ஊர்களே திரண்டன. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த மக்களுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் வாராவாரம் போகிற இடமாக அதை நான் சொல்ல மாட்டேன். தூரம் ஒரு காரணம். அதைவிட, வழிகள் வயலும் வரப்பும் கண்மாய்க் கரையுமாகப் பிரிந்து பிரிந்து போகின்றன. ஊர்க்காரர் ஒருவர் கூட வந்தால்தான் ருசி. பறவைகள் கூடு வைத்திருக்கும் பாறைகளுக்கு அடியில் பிள்ளைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு வாராவாரம் போவதும் சரியில்லை. பறவை பார்க்கிற பழக்கம் உள்ள இரண்டு மூன்று பேர், பைனாகுலரோடு, அதிகாலையில் போவதற்கு மதுரையில் இதைவிட நல்ல இடமில்லை என்று நண்பர் சொல்கிறார். நான் பார்த்த வரை அதை மறுக்க எனக்குக் காரணமில்லை.

சமணர் மலையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஏறும் பாறையில் நிழலே இல்லை. விடிந்த உடனே ஏறத் தொடங்கினால்தான் உண்டு. மாசி, பங்குனிக்கு மேல் எட்டரை மணிக்கெல்லாம் பாறை காலைச் சுடத் தொடங்கிவிடும். கோடையில் அம்மாவோடு செட்டிப்புடவு மட்டும் போய்த் திரும்பிவிடுகிறோம். கழிப்பிட வசதியை நம்பிப் போகாதீர்கள், பெண்களுக்கு இது பெரிய சிரமம். நாங்கள் நாகமலைப் புதுக்கோட்டையில் உறவினர் வீட்டில் நின்றுவிட்டுப் போகிறோம். தண்ணீரும் கையோடு வேண்டும். சுனைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், அதில் கை கால் கழுவவும் வேண்டாம். சாயங்காலம் குடும்பத்தோடு போகத் தோதான இடமில்லை. பாட்டில் உடைந்து கிடப்பதைக் காலையில் பார்க்கும்போது முந்தின நாள் மாலை எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துவிடும். அந்தக் கண்ணாடிச் சில்லுக்காகவே பாறையில் வெறுங்காலோடு போக வேண்டாம் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். கோயில் எல்லைக்குள் மட்டும் செருப்பைக் கழற்றினால் போதும், படியேறும் முன் மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஆணி போன்ற அடிப்பகுதி உள்ள கனத்த ஷூ தேவையில்லை. பிடிப்புள்ள ரப்பர் செருப்பு, பட்டை வைத்தது, போதுமானது.

இன்னொன்று மனசை மிகவும் வருத்துவது. ஆயிரம் வருடத்து எழுத்துக்குப் பக்கத்திலேயே தங்கள் பெயரையும் இதயக் குறியையும் கீறிவிட்டுப் போகிறார்கள். இது தொல்லியல் துறை பாதுகாப்பில் உள்ள இடம், கீறுவது குற்றம். ஆனால் ஒவ்வொரு பாறைக்கும் காவல் போட முடியாது. பேர் எழுதும் வயசுப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் வட்டெழுத்து வரியை முதலில் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டுங்கள். அதைக் கேட்ட பிறகு எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்லை எடுக்கக் கை வரவில்லை. தனியாகப் போய் என்ன பார்ப்பது என்று தெரியவில்லை என்றால், மதுரையில் பசுமை நடை குழுவினர் பல ஆண்டுகளாக இந்த மலைகளுக்கெல்லாம் கூட்டாக நடந்து போகிறார்கள். அவர்களோடு ஒருமுறை போய் வந்தால் அந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கேட்கலாம். பிறகு நீங்களாகப் போகும்போது பாறை வேறு மாதிரி தெரியும்.

மழைக்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகையில் குளம் நிறைந்து தாமரை பூத்து அடிவாரம் இருக்கிற அழகைச் சொல்லி முடியாது. ஆனால் மழை பெய்த மறுநாள் படியில் பாசி வழுக்கும். அந்த நாட்களில் நாங்கள் மேலே ஏறுவதே இல்லை. குளத்தையும் செட்டிப்புடவையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். இதனால் மழை ஈரத்தில் மேல்படிகள் எப்படி இருக்கும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு, போகாதீர்கள் என்பது மட்டும்தான் என் பதில். ஆனைமலைக்கும் அதேதான், இன்னும் கண்டிப்பாக.

ஆனைமலையை நாங்கள் விட்டுவிடவில்லை. மார்கழி, தை மாதங்களில் பெரியவனும் நானும் மட்டும் போகிறோம். நரசிங்கப் பெருமாளைப் பார்த்துவிட்டு, லாடன் கோயிலில் சற்று நின்று, வெயில் ஏறும் முன் உச்சிக்குப் போய்த் திரும்புவோம். வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் முழங்கால் நன்றாக இருந்து, பிள்ளைகளும் பன்னிரண்டு வயதைத் தாண்டியிருந்தால், எங்களுக்குச் சொன்ன கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, ஆனைமலையையே வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையும் பாட்டியும் இருக்கிற வீடு என்றால் கீழக்குயில்குடிதான்.

போகிற வழி: பெரியார் பஸ் நிலையத்திலிருந்து தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பஸ் நிறைய. கீழக்குயில்குடி ஊருக்குள்ளேயே போகும் பஸ் குறைவு, நேரம் கேட்டு வைத்துக்கொண்டால்தான் பிடிக்க முடியும். புதுக்கோட்டையில் இறங்கி ஆட்டோ வைத்துக்கொள்வது சுலபம். வரும்போது அங்கே ஆட்டோ தானாக வராது, இறங்கும்போதே டிரைவர் அண்ணனிடம் போன் நம்பர் வாங்கி, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.